ரோபோ போட்டியில சேர்ந்தா பையனுக்கு வேலைக்கு வழி கிடைக்குமா?

தங்கச்சிமடத்துல பத்தாவது படிக்கிற மகன் ரோபோ ரோபோன்னு அலையுறான், அதுல பொழப்பு இருக்கான்னு கேட்டிருந்தீங்க. இருக்குங்க. அமெரிக்காவுல டீன் கேமன் 1989ல ஆரம்பிச்ச ஃபர்ஸ்ட்ங்கிற, ஸ்கூல் பசங்களுக்கு ரோபோ போட்டி நடத்துற லாபநோக்கமில்லாத அமைப்பைப் பாருங்க, 1992ல 28 டீமோட ஒரு ஸ்கூல் ஜிம்லதான் முதல் போட்டி நடந்துச்சு. பசங்களே வரைஞ்சு, அலுமினியம் அறுத்து, வயரிங் பண்ணி, கோட் எழுதி, உடைஞ்சா அவங்களே சரிபண்ணி, பக்கத்துல இன்ஜினியருங்க நின்னு சொல்லிக்கொடுக்க, லேத்தா வெல்டிங்கா புரோகிராமிங்கா எது தனக்கு ஒத்துவரும்னு ஸ்கூல் வயசுலயே தெரிஞ்சுக்கலாம். எதிர் டீமுக்கே ஸ்பேர் கொடுத்து உதவுவாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். பாம்பன்ல போட் இன்ஜினைப் பிரிச்சு மாட்டுறதைப் பாத்து வளந்த பசங்களுக்கு இது ஒண்ணும் அந்நியம் இல்ல. ஸ்கூல்ல அடல் டிங்கரிங் லேப் (பசங்க கையால செஞ்சு பழக மத்திய அரசு உதவியில வைக்கிற லேப்) இருந்தா முதல்ல அங்க சேத்துவிடுங்க, இல்லேன்னா பக்கத்து ஐடிஐ ஒர்க்‌ஷாப்பை ஒருநாள் காட்டுங்க.