செருகுநிரலைப் புதுப்பித்ததும் வெள்ளையாகிப் போன தளம்

வணக்கம். ஏற்காட்டிலுள்ள உங்கள் விடுதியின் வேர்ட்பிரஸ் தளத்தில் முன்பதிவுச் செருகுநிரலை (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் ‘பிளகின்’ நிரலை) புதுப்பித்ததும் பக்கம் வெள்ளையாகிவிட்டது, நிர்வாகப் பகுதிக்குள்ளும் நுழைய முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நிர்வாகியின் மின்னஞ்சலை, ஸ்பாம் உட்பட, பாருங்கள். 2019இல் வெளிவந்த 5.2 பதிப்பு முதல், இத்தகைய பிழை நேரும்போது பழுதான செருகுநிரலை ஒதுக்கிவைத்து நிர்வாகப் பகுதிக்குள் நுழைய உதவும் மீட்பு முறைக்கான இணைப்பை வேர்ட்பிரஸே அனுப்புகிறது. அது வராவிட்டால், ஹோஸ்டிங் கணக்கின் ஃபைல் மேனேஜரில் பிளகின்ஸ் கோப்புறையைத் திறந்து, அந்தச் செருகுநிரலுக்குரிய கோப்புறையின் பெயரை மட்டும் சற்று மாற்றினால், அது செயலிழந்து தளம் பெரும்பாலும் திரும்பிவிடும். முன்பதிவு விவரங்கள் பொதுவாகத் தரவுத்தளத்தில் இருப்பவை என்பதால், இதனால் அழியமாட்டா. ஆனால், நிர்வாகப் பகுதிக்குள் நுழைந்ததும் பதற்றத்தில் அந்தச் செருகுநிரலை நீக்கிவிடாதீர்கள். சில செருகுநிரல்கள் நீக்கப்படும்போது தம் தரவையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. பிறகு சர்வரின் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டுள்ள நிரல்மொழி) பதிப்பு புதிய செருகுநிரலுக்குப் போதுமானதா என்று பாருங்கள். எனக்கு அதன்மீதுதான் சந்தேகம். கோடை விழாக் கூட்டத்துக்கு அஞ்சிப் புதுப்பித்தலையே நிறுத்திவிட வேண்டாம். கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் நகலெடுத்துக்கொண்டு, செருகுநிரல்களை ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள்.