டாப்சிலிப்பில் புலி தெரியுமா?

கேள்வி: டாப்சிலிப் போனால் புலி பார்க்கலாமா? பேரன் ஒரே அடம்.
— வாசகி, கோபி

பதில்: புலிக்கு நான் உத்தரவாதம் தர முடியாதுங்க அம்மா. ஆனைமலைக் காட்டில் புலி உண்டு, ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் புதருக்குள் போய்விடும். புள்ளிமானும் காட்டுமாடும் தென்பட வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால், பையனை வால்பாறை ரோட்டில் கூட்டிப் போங்கள். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். 9ஆவது வளைவுப் பக்கம் பாறைகளில் வரையாடு நிற்கும். நம் மாநில விலங்காச்சே, புலிக்குக் குறைச்சலா? அப்புறம், வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டோரமே வரும். முறுக்குப் பொட்டலத்தை நீட்டிவிடாதீர்கள். தீனிக்காக ரோட்டுக்கு வந்து பழகினால் வண்டியில் அடிபட்டுச் சாகும்.

பேரனுக்கு மலைப்பாதையில் வாந்தி வருமென்றால் எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.