டீச்சரம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டீர்களா?

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மாலைநேரப் படிப்பு மையம் ஒன்றைத் தொடங்கி, சாகும்வரை நடத்தினார். இப்போது நானும் என் கணவரும் நடத்துகிறோம். அறுபது பிள்ளைகள் வருகிறார்கள். நன்கொடை பாதிக்குமேல் குறைந்துவிட்டது. அப்பா காலத்தில் மாதாமாதம் 300 ரூபாய் மணியார்டர் அனுப்பிய ஒரு டீச்சரம்மாகூட இரண்டு வருடமாக அனுப்புவதில்லை. ஜனங்கள் மனசு மாறிவிட்டது. வாட்ஸ்ஆப் குரூப்பில் வாராவாரம் படம் போட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. 40,000 ரூபாய் செலவில் ஒரு வீடியோ எடுத்து இணையத்தில் நிதி திரட்டலாமா? கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் கிடைக்குமா? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவருடைய நண்பர்களிடம் கேட்கலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அந்த டீச்சரம்மாவுக்கு என்ன ஆச்சு?

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். வீடியோவுக்குச் செலவு வரை யோசித்திருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியிலும் "அனுப்புவதில்லை" என்ற குறைதான் இருக்கிறது. படுக்கையில் கிடக்கிறாரா, மகன் வீட்டோடு போய்விட்டாரா, உயிரோடுதான் இருக்கிறாரா? எதுவும் உங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், போய்ப் பார்க்கத் தோன்றவில்லையா? மணியார்டரில் அவர் முகவரி இருந்திருக்குமே! மாதம் தவறாமல் 300 ரூபாய் எடுத்துவைத்த ஒரு மனுஷி திடீரென்று நிறுத்தினால், சொந்தக்காரர்களாக இருந்தால் பதறிக்கொண்டு ஓடியிருப்போம். நீங்களோ ஜனங்கள் மனசு மாறிவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். மாறியது யார் மனசு என்று யோசியுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் படம் போடுவதாகச் சொல்கிறீர்கள். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து அனுப்புகிறவர் உங்கள் குரூப்பில் இருக்கிறாரா? அநேகமாக இருக்க மாட்டார். அப்படியானால் அப்பா போனபிறகு உங்களிடமிருந்து அவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது? மணியார்டர் வாங்கிக்கொண்டதற்கு நீங்கள் போட்ட கையெழுத்து மட்டும்தான். அப்பா காலமான செய்தியையாவது சொன்னீர்களா? அதுகூட எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. முதியோர் இல்லம், பார்வையற்றோர் பள்ளி, ஊர் நூலகம் என்று இடம்தான் மாறும். எல்லோரும் புது நன்கொடையாளர்களை எங்கே பிடிப்பது என்றே கேட்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்தவர் ஏன் நின்றுபோனார் என்று கேட்பவர் அபூர்வம். முன்பின் தெரியாத ஒருவரிடம் நம்பிக்கை சம்பாதிக்க வருடக்கணக்காகும். கொடுத்துப் பழகியவரிடம் அந்த நம்பிக்கையை உங்கள் அப்பா சம்பாதித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத்தான் நீங்கள் தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டிருக்கிறீர்கள்.

அந்த 40,000 ரூபாயைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டீச்சரம்மா மாதாமாதம் அனுப்பினாலும் அவ்வளவு சேர பதினோரு வருடம் ஆகும். அதை ஒரு நாள் படப்பிடிப்புக்குக் கொடுக்கப் போகிறீர்களா? இணையத்தில் நிதி திரட்டுவது ஒரு அவசர ஆபரேஷனுக்கு, இடிந்துவிழுந்த கூரைக்கு உதவும். மாதாமாதம் கொடுக்கவேண்டிய டியூஷன் அக்காவின் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் அது சரிப்படாது.

சிஎஸ்ஆர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, வரம்புக்குள் வரும் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை வாங்க உங்கள் மையத்துக்கு 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்ற வருமான வரிப் பதிவுகள் வேண்டும். சிஎஸ்ஆர் பணம் வாங்கப் பதிவுசெய்யும் சிஎஸ்ஆர்-1 படிவமும் தாக்கல் செய்திருக்க வேண்டும். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த வருடம் அந்தக் கம்பெனி வேறு மாவட்டத்துக்குப் போய்விடலாம். அறுபது பிள்ளைகளை அதை மட்டும் நம்பி உட்காரவைக்காதீர்கள்.

இனி செய்யவேண்டியது. அப்பாவின் ரசீதுக் கட்டைகளையும் நோட்டையும் எடுங்கள். கொடுத்து நிறுத்தியவர்கள் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். தினமும் இரண்டு பேருக்குப் போன் செய்யுங்கள். முதல் போனில் பணத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. "அப்பா போய்விட்டார், நான் அவர் மகள், மையம் நடக்கிறது, நீங்கள் நலமா?" இவ்வளவு போதும். அவர்களாகவே பேசுவார்கள், கேளுங்கள். நோட்டில் "அம்மா நினைவு நாள்", "பேரன் பிறந்தநாள்" என்று காரணம் எழுதிக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்கு அவர் பணம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்து, அவர் அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். சாயங்காலம் போனில் அதைத் தெரிவியுங்கள்.

குரூப்பில் போடும் படங்களை நிறுத்துங்கள். நோட்டுப் புத்தகம் வாங்கக் கைநீட்டி வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் படம் எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் முறத்தை மடியில் வைத்து, விரல்நுனி தேயப் பீடி சுற்றுகிறவர்கள். யாரிடமும் கைநீட்டாதவர்கள். அவர்கள் பிள்ளைகளின் வறுமையைக் காட்டிக் காசு கேட்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. ஜூன் மாதத்தில் மூன்றாம் வாய்ப்பாடு வராமல் விழித்த பிள்ளை இப்போது பின்னக் கணக்குப் போடுகிறது என்றால் அதை எழுதுங்கள். வந்த பணம், சம்பளம், வாடகை, மிச்சம் என்று மாதக் கணக்கையும் கீழேயே போடுங்கள். குரூப்பில் இல்லாதவர்களுக்கு ஒரு தபாலட்டை போதும்.

ரசீது உடனே போக வேண்டும், மார்ச்சில் மொத்தமாக அல்ல. உங்களுக்கு 80ஜி இருந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். 2017 ஏப்ரலிலிருந்து அதற்கு வரிச்சலுகை கிடையாது. நன்கொடை விவரத்தை வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து, கொடுத்தவருக்குச் சான்றிதழ் தரும் முறை 2021-22 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. மே 31 கெடு. ஆடிட்டரோடு உட்கார்ந்து அதை முடிப்பது உங்கள் கணவர் பொறுப்பு. ஆனால் வரிச்சலுகையைத் தூண்டிலாக்காதீர்கள். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே கிடையாது. டீச்சரம்மாவும் அதற்காக அனுப்பியிருக்க மாட்டார்.

அவர் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். இரண்டு பேரும் போங்கள். படுக்கையில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள். இறந்துபோயிருந்தால், அவர் மக்களிடம் அவர் செய்ததைச் சொல்லுங்கள்; வீட்டில் அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் போகவே கூடாது. அப்பாவின் வீட்டை வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு அப்பாவின் நன்றிக்கடனும் சேர்ந்துதான் வருகிறது.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஊர்பேர் தெரியாதவர்களிடம் வீடியோ போட்டுக் கேட்க வராத கூச்சம், கூடப்பிறந்தவரிடம் கேட்க மட்டும் எங்கிருந்து வந்தது? தகப்பன் நட்டதற்கு மகன் முதலில் கொடுக்க வேண்டும், ஊர் பிறகு கொடுக்கட்டும். அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவும், டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் நண்பர்களுக்கும் இதே விதிதான். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று முதலில் கேளுங்கள். அதற்காகவாவது அண்ணனுக்கு இன்று இரவு போன் செய்யுங்கள்.