பாலம் சும்மா வந்ததா?

கேள்வி: மண்முனைப் பாலத்தை ஜப்பான் ஏன் நமக்குக் கட்டித் தந்தது? அந்தக் கடனை என் பேரப்பிள்ளைதான் கட்ட வேணுமா?
- வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: பேரப்பிள்ளைக்கு இந்தக் கவலை வேண்டாம். மட்டக்களப்பு வாவியின் மேல் 2014இல் திறந்த மண்முனைப் பாலம் நன்கொடை. கல்லடிப் புதுப்பாலம்தான் கடன். ஒரே வாவி, ஒரே ஜப்பான், இரண்டு கணக்கு!

ஏன் தந்தார்கள்? 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் நம் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன, 'பகை பகையால் தணியாது' என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, போரில் தோற்ற ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்றார். அடுத்த ஆண்டே தூதரக உறவு தொடங்கியது. ஜப்பானியர் அதை இன்றும் நன்றியோடு சொல்வார்கள். நன்றி மட்டும்தானா என்றால், இல்லை. வளைகுடாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்கள் நம் தென்கரையை ஒட்டித்தான் போகின்றன; அந்த வழியில் ஒரு நட்பு நாடு வேண்டாமா? வியாபாரமும் உண்டு: நாம் தேயிலையும் உடுப்பும் அனுப்ப, அங்கே ஓடிய வான் வண்டிகள் இங்கே வருகின்றன.

2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. அப்புறம் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இந்தியா, பிரான்சோடு ஜப்பானும் இணைத்தலைமை ஏற்றது. 2024 ஜூனில் கடன் மறுசீரமைப்புக்கு உடன்பாடு கண்டார்கள்.

மண்முனையில் பாலத்துக்கு முன் 'பாதை'தான், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. ஒருமுறை வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வாங்கிய தயிர்ச் சட்டியோடு ஏறினேன். பக்கத்து மோட்டார் சைக்கிள் சரிந்து, பாதித் தயிர் என் வேட்டியில்.