வங்கி ‘கிரெடிட்’ என்கிறது, ஆடிட்டர் ‘டெபிட்’ என்கிறார். எது சரி?

கேள்வி: சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். இப்போதுதான் டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதப் பழகுகிறேன். வாடிக்கையாளர் பணம் அனுப்பினால், கணக்கில் கிரெடிட் ஆகிவிட்டது என்று வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வருகிறது. அதே பணத்தை வங்கிக் கணக்கில் டெபிட் போடச் சொல்கிறார் ஆடிட்டர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். எஸ்எம்எஸ் வருவது வங்கியின் பேரேட்டிலிருந்து (லெட்ஜர்). உங்கள் பணம் வங்கிக்குக் கடன், நீங்கள் கேட்கும்போது திருப்பித் தந்தாக வேண்டும். அதனால் அவர்கள் ஏட்டில் உங்கள் பெயரில் கிரெடிட். உங்கள் ஏட்டிலோ அது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய பணம், அதாவது உங்கள் சொத்து. சொத்து கூடினால் டெபிட். எந்தப் பதிவைப் பார்த்தாலும், இது யாருடைய புத்தகம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெபிட் என்றால் நஷ்டம், கிரெடிட் என்றால் லாபம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். பேரேட்டில் இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். சொத்தும் செலவும் கூடினால் இடது பக்கம் எழுத வேண்டும். நீங்கள் தர வேண்டிய கடன், நீங்கள் கடையில் போட்ட மூலதனம், வருமானம் கூடினால் வலது பக்கம். குறைந்தால் எதிர்ப்பக்கம்.

ஈரோட்டு மொத்த வியாபாரியிடம் 40,000 ரூபாய்க்குத் துணி கடனுக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5% ஜிஎஸ்டி 2,000. கொள்முதல் கணக்கில் 40,000 டெபிட். அதில் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி, மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டி தலா 1,000 டெபிட். நீங்கள் கட்ட வேண்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் இந்த வரி சொத்துதான். (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கழிக்க முடியாது, 42,000-ஐயும் கொள்முதலிலேயே போட வேண்டும்.) வியாபாரி பெயரில் 42,000 கிரெடிட். அப்புறம் வங்கி மூலம் 15,000 அனுப்பினால் வியாபாரி கணக்கில் டெபிட், வங்கிக் கணக்கில் கிரெடிட். மீதி 27,000 கிரெடிட்டாக நிற்கும். அவருடைய ஏட்டில் அதே 27,000 உங்கள் பெயரில் டெபிட்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு பில்லோ, திருப்பி அனுப்பிய சரக்கோ விட்டுப்போயிருக்கிறது. மாதம் ஒருமுறை அவரிடம் ஸ்டேட்மென்ட் வாங்கி ஒத்துப்பாருங்கள்.

சிறு கடைகளில் கணக்கு கெடுவது பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில். வங்கிக் கடன் வந்தால் அது வருமானம் இல்லை: வங்கி டெபிட், கடன் கணக்கு கிரெடிட். தவணை கட்டும்போது வட்டி மட்டுமே செலவு. அசல், கடன் கணக்கில் டெபிட் ஆக வேண்டும். முழுத் தவணையையும் செலவில் எழுதினால் கடன் குறையாமல் அப்படியே நிற்கும். அடுத்தது, கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் பணம். 3,000 எடுத்தால் டிராயிங்ஸ் டெபிட், ரொக்கம் கிரெடிட். அதைக் கடைச் செலவாக எழுதினால் லாபம் குறைந்துபோய் வருமான வரிக் கணக்கும் தப்பாகிவிடும்.

டிரையல் பேலன்ஸில் (எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் மீதிகளைக் காட்டும் பட்டியல்) இரண்டு பக்கமும் சமமாக வந்தாலே எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். கரண்ட் பில்லை வாடகைக் கணக்கில் டெபிட் போட்டிருந்தாலும் கூட்டுத்தொகை சமமாகத்தான் வரும். மாதக் கடைசியில் ஒவ்வொரு லெட்ஜரையும் திறந்து வரி வரியாகப் பார்த்தால்தான் இந்த மாதிரித் தவறு கண்ணில் படும்.