இன்சுலின் ஊசி போடுபவருக்கு ஏன் சி-பெப்டைடு (கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளியிடும் புரதத் துண்டு) பரிசோதனை? இரத்தத்தில் இன்சுலினையே அளந்தால் போதாதா?

போதாது. ஊசியில் போன இன்சுலினையும் கணையம் சுரந்ததையும் அந்த அளவு பிரித்துக் காட்டாது. சில பரிசோதனைக் கருவிகள் செயற்கை இன்சுலின் வகைகளைக் கண்டுகொள்வதே இல்லை.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் முதலில் தயாரிப்பது புரோஇன்சுலின் என்ற 86 அமினோ அமிலச் சங்கிலி. 1967-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் டொனால்ட் ஸ்டைனர் இதைக் கண்டறிந்தார். நொதிகள் இதன் நடுப்பகுதியை வெட்டி எடுத்ததும் 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் ஒருபுறம், 31 கொண்ட சி-பெப்டைடு மறுபுறம் (மீதி நான்கு வெட்டும்போது உதிரும்). ஒரு மூலக்கூறுக்கு ஒன்று என இரண்டும் சேர்ந்தே வெளியேறும். ஊசி மருந்தில் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே அளவில் தெரிவது கணையத்தின் சொந்தச் சரக்கு மட்டுமே.

இன்னொரு வசதி: இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துவிடும், சி-பெப்டைடைத் தொடாது. இன்சுலின் சில நிமிடங்களில் மறையும். சி-பெப்டைடோ அரை மணி நேரம் கழிந்தும் பாதி மிஞ்சும்.

பிழை வருவது பெரும்பாலும் இங்கேதான்: சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது ரத்தம் எடுத்தால் நல்ல கணையமும் சுரப்பை நிறுத்தியிருக்கும், முடிவு குறைவாக வரும். அதனால் அதே நேரத்தில் குளுக்கோஸும் பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் பழுதானால் வெளியேற்றம் தடைபட்டு அளவு பொய்யாக உயரும். கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் பற்றாமல் ரத்தம் அமிலமாகும் நெருக்கடி) வந்த கையோடு எடுப்பதும் வீண். சர்க்கரையின் நச்சில் பீட்டா செல்கள் தற்காலிகமாகச் சோர்ந்திருக்கும்.

உணவுக்குப் பின் சி-பெப்டைடு 200 பிகோமோல்/லிட்டருக்குக் கீழ் என்றால் கடும் பற்றாக்குறை. இன்சுலினை நிறுத்துவது ஆபத்து.