மிளகு வாசம் வீசும் வெள்ளை ஒயின்: வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு சேர்வராயன் மலை மிளகைப் பற்றி எழுதியபோது, ஆஸ்திரியாவில் விளையும் க்ரூனர் ஃபெல்ட்லீனர் என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினிலும் இதே வாசம் வரும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வியன்னாவில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடம் பரிமாறும் வேலை பார்த்துவிட்டுச் சேலம் திரும்பியவன் நான். அங்கே பழகித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காப்பிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் மரம் எல்லாவற்றிலும் மிளகுக் கொடிதான். ஒயினில் மிளகு வாசம் என்கிறீர்களே, மிளகைத் தட்டிப் போட்டு ஊற வைப்பார்களா?
(ஒரு விவசாயி, நாகலூர், ஏற்காடு)

இல்லைங்க, ஒரு மிளகுகூடப் போடுவதில்லை. திராட்சையின் தோலிலேயே அந்த வாசம் இருக்கிறது. ரோட்டண்டோன் என்று அந்தப் பொருளுக்குப் பெயர். ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சை ஒயினில் மிளகு வாசம் எங்கிருந்து வருகிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டே போய் 2008-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் மிளகில் வாசம் கொடுப்பதும் இதேதான், மிளகில் மிக அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு க்ரூனரிலும் இது இருப்பது தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம், அப்படியென்றால் எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிளகின் காரம் பைப்பரின் என்ற வேறு பொருளால் வருவது, அது ஒயினில் கிடையாது. அதனால் வாசம் மட்டும் வரும், நாக்கு எரியாது.

புத்தகங்களில் எல்லாம் 'வெள்ளை மிளகு வாசம்' என்றுதான் போட்டிருப்பார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றும். மிளகைப் பறித்து உதிர்த்து வாசலில் சாக்கு விரித்துக் காயப் போட்டிருக்கிறீர்கள், இரண்டாம் நாள் வெயிலில் பச்சை நிறம் போய்த் தோல் லேசாகச் சுருங்க ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளினால் பச்சையும் காய்ந்ததும் கலந்தாற்போல் ஒரு வாசம் மூக்கில் ஏறுமே, அதுதான் க்ரூனர். வியன்னாவில் முதல் தடவை கிளாஸை மூக்கருகே கொண்டு போனபோது எனக்கு ஏற்காட்டில் பெரியப்பா வீட்டுக் களம்தான் ஞாபகம் வந்தது. அந்த வாசத்தோடு எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கொஞ்சம் பச்சைப் பட்டாணி எல்லாம் சேர்ந்து வரும். உங்களைப் போல மிளகோடே வாழ்கிறவர்கள் இதை முகர்ந்தால் என்னைவிட நுணுக்கமாகச் சொல்வீர்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

கேள்வி: வியன்னாவில் வேலை பார்க்கும் மகன் போன வருடம் வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தான். 'ஃபெடர்ஷ்பீல்' என்று எழுதியிருக்கிறது. சமையலறை அலமாரியில் அப்படியே நிற்கிறது. கெட்டுப் போயிருக்குமா?
(ஒரு வாசகி, அம்மாபேட்டை)

சமையலறை அலமாரியில், அதுவும் சேலம் கோடையைத் தாண்டி நின்றிருக்கிறது என்பதுதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. முதலில் அதை அடுப்பு இருக்கும் அறையிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஃபெடர்ஷ்பீல் என்று இருந்தால் அது டான்யூப் நதிக்கரையில் உள்ள வாஹாவ் பகுதி ஒயின். அங்கே மூன்று தரம் வைத்திருக்கிறார்கள். ஷ்டைன்ஃபெடர் மிக இலேசானது, ஆல்கஹால் 11.5 சதவீதத்தைத் தாண்டாது. அங்கே பாறை இடுக்கில் இறகு போல வளரும் ஒரு புல்லின் பெயர் அது. ஃபெடர்ஷ்பீல் நடுத்தரம், 11.5-லிருந்து 12.5 வரை. பெயர் வல்லூறு வைத்து வேட்டையாடும் வழக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது ஸ்மாரக்ட், 12.5-க்கு மேல். கல் சுவர்களில் வெயில் காயும் மரகதப் பச்சைப் பல்லியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நல்ல ஸ்மாரக்ட் பத்து வருடத்துக்கு மேலும் நிற்கும், உங்களுடையதை இனி வைத்திருக்க வேண்டாம். மூடி அநேகமாகத் திருகு மூடியாகத்தான் இருக்கும், அதனால் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், ஆஸ்திரியாவில் நல்ல ஒயினுக்கும் அதுதான் போடுகிறார்கள். திறந்து ஊற்றிப் பாருங்கள். இளம் மஞ்சளாக, ஓரத்தில் பச்சை ஓடினால் நன்றாக இருக்கிறது. டீ டிகாஷன் போல நிறம் மாறி, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம் வந்தால் சூடு தாக்கிவிட்டது, ஊற்றிவிடலாம். குடிக்கிறவர்களுக்குக் கொடுப்பதானால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கொடுங்கள். 8 முதல் 10 டிகிரி சரியான குளிர்ச்சி. அதற்குமேல் ஜில்லென்று இருந்தால் அந்த மிளகு வாசம் எழும்பவே எழும்பாது.

கேள்வி: குடியால் எங்கள் தெருவில் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது என்று தெரியுமா? நீங்கள் ஒயினைப் பற்றி எழுதலாமா?
(ஒரு தாய், கொண்டலாம்பட்டி)

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. 'கொஞ்சம் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று சொல்லிக்கொண்டு ஆரம்பிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்த அளவு ஆல்கஹாலும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் எழுதுவது ஒரு திராட்சையைப் பற்றி, அதை நம்பி வாழும் விவசாயிகளைப் பற்றி, ஹோட்டல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தைப் பற்றி.

கேள்வி: ஹோட்டல் மேனேஜ்மென்ட் மூன்றாம் வருடம். கப்பல் வேலை இன்டர்வியூவில் இதைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் சார்?
(ஒரு மாணவர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் தம்பி. ஆங்கில எழுத்தில் Veltliner என்று 'வெ' போல இருந்தாலும் ஜெர்மன் மொழியில் அது 'ஃபெ', 'லை' கிடையாது 'லீ'. ஃபெல்ட்லீனர். க்ரூனர் என்றால் பச்சை. இதைச் சரியாகச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆஸ்திரியாவின் மொத்தத் திராட்சைப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே ரகம்தான். 1950-களில் லென்ஸ் மோசர் என்பவர் கொடியை உயரமாக ஏற்றி, வரிசைக்கு நடுவே டிராக்டர் போகிற மாதிரி இடைவெளி விட்டு வளர்க்கும் முறையைப் பரப்பினார், அதற்கு இந்த ரகம் நன்றாக ஒத்துப்போனது, அப்போதுதான் நாடு முழுக்கப் பரவியது. வாஹாவ், க்ரெம்ஸ்டால், காம்ப்டால், வைன்ஃபியர்டல் என்ற நான்கு பகுதிகளையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இதில் வைன்ஃபியர்டல் தான் பெரியது, ஆஸ்திரியாவின் முதல் டிஏசி, அதாவது இந்த ஊர் ஒயின் இன்ன ருசியில்தான் இருக்க வேண்டும் என்ற சட்டப்படியான தகுதி, 2002 அறுவடையிலிருந்து அந்தப் பகுதிக்குத்தான் வந்தது. அந்தத் தகுதியில் எதிர்பார்ப்பதே மிளகு வாசம்தான்.

மண்ணைக் கேட்டால் லோஸ் என்று சொல்லுங்கள். பனியுகத்தில் காற்று அள்ளி வந்து குவித்த மண். நகத்தால் சுரண்டினால் கடலை மாவு போல உதிரும், ஆனால் செங்குத்தாக வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும். வைன்ஃபியர்டலில் அந்த மண்ணைக் குடைந்தே ஒயின் அறைகள் வெட்டி, ஒரு தெரு முழுக்கக் கதவுகளாக வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் உள்ளே நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கியது போலக் குளிரும். இந்த மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், க்ரூனருக்கு அது வேண்டும். சரிவான பாறை நிலத்தை ரீஸ்லிங் ரகத்துக்கு விட்டுவிடுவார்கள்.

அப்புறம் 2002-ல் லண்டனில் நடந்த ருசிப் பரிசோதனையைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாட்டிலை மறைத்து வைத்து, பிரான்ஸில் உள்ள பர்கண்டி பகுதியின் புகழ்பெற்ற ஷார்டனே வெள்ளை ஒயின்களோடு க்ரூனரையும் வரிசையாக வைத்தார்கள். முன்வரிசை இடங்களில் பெரும்பாலானவற்றை ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. அதுவரை உள்ளூர்ச் சரக்கு என்று பார்க்கப்பட்ட திராட்சைக்கு உலக மரியாதை கிடைத்தது அன்றுதான்.

கேள்வி: ஏற்காட்டில் குளிர் இருக்கிறது, மண்ணும் நல்ல மண். இந்தக் கொடியை வைத்தால் வருமா? மகனிடம் சொல்லி நாலு குச்சி கொண்டுவரலாமா?
(ஒரு வாசகர், மஞ்சக்குட்டை)

குச்சி கொண்டுவர வேண்டாம். தாவர நோய்த்தடுப்பு அனுமதி இல்லாமல் வெளிநாட்டிலிருந்து செடி, குச்சி எதையும் கொண்டுவரக் கூடாது. அனுமதியோடே வந்தாலும் வராது என்பதுதான் என் எண்ணம்.

குளிர் மட்டும் போதாதுங்க. இந்தக் கொடிக்கு வருடத்தில் நாலைந்து மாதம் தூக்கம் வேண்டும். ஆஸ்திரியாவில் நவம்பரில் இலை உதிர்ந்து, பனியில் வெறும் குச்சியாக நின்று, ஏப்ரல் வாக்கில்தான் மொட்டு விடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் 12 டிகிரி அட்சரேகைக்குள்தான் இருக்கிறது, இங்கே கொடி தூங்கவே தூங்காது. வெளிச்சமும் அப்படித்தான். ஜூன் மாதம் வியன்னாவில் 16 மணி நேரம் பகல், நமக்கு எந்த மாதத்திலும் 13 மணியை எட்டாது. இதைவிடப் பெரிய சிக்கல் மழை. க்ரூனர் பழுக்கிற மாதம் அக்டோபர், நமக்கு வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற மாதம். நான் ஊர் திரும்பிய புதிதில் ஏற்காட்டில் சாதாரணத் தின்னும் திராட்சை ஒன்றைப் பந்தலில் ஏற்றிப் பார்த்தேன். ஐப்பசி மழையில் பத்தே நாளில் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினது போல ஆகிவிட்டது. அடிச்சாம்பல் நோய். பழம் வெடித்து, எறும்பு மொய்த்து, கடைசியில் கொடியை வெட்டிப் போட மனசு வராமல் ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வெட்டினேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். அங்கே விளைவது மஸ்கட் ஹாம்பர்க், நாம் சொல்லும் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே அதுதான். தூங்காத கொடியைக் கவாத்து பண்ணிக் கவாத்து பண்ணியே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கும் வித்தை அந்த விவசாயிகள் கையில் இருக்கிறது. அது வேறு ரகம், வேறு கணக்கு. உங்கள் நிலத்தில் மிளகையும் காப்பியையும் நன்றாகப் பாருங்கள், அந்த ஊர்க்காரன் தன் ஒயினில் பெருமையாகச் சொல்லும் வாசம் உங்கள் மரத்தில் கிலோ கணக்கில் தொங்குகிறது.

கேள்வி: இந்த ரகத்தின் தாய் தந்தை எவை? நான் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை.
(ஒரு வாசகி, ஓமலூர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி மேடம். ஒரு பெற்றோர் டிராமினர், இது பழைய, பிரபலமான ரகம். இன்னொன்று நெடுநாள் தெரியாமலே இருந்தது. ஐசன்ஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் சாங்க்ட் கியோர்கன் என்ற சின்ன ஊரில், புதர் மண்டிய மேய்ச்சல் நிலத்தில் பெயர் தெரியாத கிழட்டுக் கொடி ஒன்று 2000-ஆம் ஆண்டு கண்ணில் பட்டது. மரபணுவைச் சோதித்துப் பார்த்தால் அதுதான் க்ரூனரின் மற்றொரு பெற்றோர். வேறு எங்கும் இல்லாமல் அந்த ஒரே கொடி. 2011-ல் யாரோ போய் அதை வெட்டிச் சிதைத்துவிட்டார்கள், நல்ல வேளையாக அது பிழைத்துக்கொண்டது, இப்போது பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னம். கோயில் தலவிருட்சத்தை வேலி போட்டுப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஆஸ்திரிய ஒயினில் விஷம் கலந்தார்கள் என்று அப்பா சொல்வாரே?
(ஒரு வாசகர், ஆத்தூர்)

உண்மைதான். 1985-ல் வெளிவந்தது. மலிவு ஒயினை இனிப்பாகவும் கெட்டியாகவும் காட்ட டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தார்கள். இருமல் மருந்தில் கலந்து குழந்தைகளைக் கொன்றதே, அதே ரசாயனம். தப்பு செய்யாத விவசாயிகளும் சேர்ந்து அடி வாங்கினார்கள், ஏற்றுமதி படுத்துவிட்டது. அதே வருடம் கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். தரமான ஆஸ்திரிய ஒயின் என்றால் அரசுப் பரிசோதனை எண் இருக்கும், மூடியில் சிவப்பு-வெள்ளை-சிவப்புக் கொடி நிறம் இருக்கும். அதைப் பார்த்து வாங்கினால் போதும்.

கேள்வி: தட்டுவடை செட்டோடு சேருமா?
(கல்லூரி நண்பர்கள் நால்வர், சேலம்)

21 வயது ஆனவர்களுக்கு மட்டும் பதில். நன்றாகச் சேரும். வியன்னாவில் இதைப் பொரித்த இறைச்சியோடும் எலுமிச்சைத் துண்டோடும்தான் கொடுப்போம், பொரித்ததின் எண்ணெய்ப் பிசுக்கை இதன் புளிப்பு அறுத்துவிடும். தட்டுவடையின் மொறுமொறுப்பு, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னியின் கொத்தமல்லி, எல்லாவற்றுக்கும் இது ஒத்துப்போகும். சிவப்புச் சட்னியை மட்டும் குறைத்துப் போடச் சொல்லுங்கள், மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் தூக்கிக் கொடுக்கும், அதனால் 12 சதவீதம் இருக்கும் இலேசான க்ரூனர்தான் சரி. கீரை, பீன்ஸ் பொரியல், மேட்டூர் மீன் வறுவல் மூன்றுக்கும் இதைவிடப் பொருத்தமான ஒயினை நான் பார்த்ததில்லை.

கேள்வி: துபாயில் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தேன். மிளகும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
(ஒரு வாசகர், அஸ்தம்பட்டி)

இரண்டு காரணம் இருக்கலாம். எல்லா க்ரூனரிலும் அது ஒரே அளவில் இருக்காது, குளிர்ச்சியான வருடத்தில் கூடும், வெயில் வருடத்தில் குறையும். இன்னொன்று உங்கள் மூக்கு. அந்த ஆஸ்திரேலிய ஆராய்ச்சியில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசமே தெரியவில்லை, அளவைக் கூட்டிக் கொடுத்தும் தெரியவில்லை. அது குறை இல்லை, பிறப்பு அப்படி. அடுத்த தடவை கிடைத்தால் உங்கள் கிளாஸைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, எதுவும் சொல்லாமல் முகர மட்டும் சொல்லுங்கள். அவர் ரசம் தாளித்த வாசம் வருகிறது என்றால் ஒயின் சரியானதுதான்.